ரத்தம் சிந்தவில்லை, உடம்பும் சூடாகத்தான் இருக்கிறது... ஆனாலும் ஆபத்து! அது என்ன 'டிஸ்ட்ரிபியூட்டிவ் ஷாக்'?

'ஷாக்' என்றதும் கரன்ட் ஷாக்தான் ஞாபகம் வரும். இல்லைன்னா, சீரியலில் கெட்ட செய்தி கேட்டு மயங்கி விழும் அம்மா. டாக்டர்கள் சொல்லும் ஷாக் வேறு. உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராமல், அவை ஆக்சிஜனுக்குத் தவிக்கும் நிலை அது.

விபத்தில் ரத்தம் கொட்டினால் ஷாக் வரும், சரி. ஒரு சொட்டுகூட சிந்தாமல் எப்படி வரும்? அபார்ட்மென்ட் மாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கு. ஆனால், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டால் மேல் மாடியில் சொட்டுதான் வரும். பெரியவர்களின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ரத்த நாளங்கள் மொத்தமாக விரிந்துவிட்டால் அதே 5 லிட்டர் பற்றாமல் போய், பிபி சரிகிறது. நாளங்களிலிருந்து நீர் கசியவும் தொடங்கும். தோலுக்கு ரத்தம் தாராளம். கிட்னிக்கும் மூளைக்கும் தட்டுப்பாடு.

முதுகுத்தண்டில் பலத்த அடி, கடுமையான அலர்ஜி ஆகியவற்றாலும் இது வரலாம். அலர்ஜி என்றால் தொடைத் தசையில் உடனே போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அலர்ஜி மாத்திரை அதற்கு மாற்று ஆகாது. ஆனால், அதிகம் வருவது செப்சிஸால். நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ முற்றி, அதை எதிர்க்கும் உடலே தன் உறுப்புகளைச் சேதப்படுத்தும் நிலை. 2017-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி மரணங்கள் செப்சிஸோடு தொடர்புடையவை என்று, 2020-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

ஏமாறுவது இங்கேதான். ஷாக் என்றால் கை கால் சில்லிட்டுப் போகும் என்றுதான் கேள்விப்பட்டிருப்போம். இதில் ஆரம்பத்தில் கை வெதுவெதுப்பாக, முகம் சிவந்துகூட இருக்கலாம். "ஜுரம்தானே, பாராசிட்டமால் போட்டாச்சு, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு ஜுரமே இல்லாமலும் வரும். கவனிக்க வேண்டியது வேற: பேச்சில் குழப்பம், நிமிடத்துக்கு 22-க்கு மேல் மூச்சு, குறைந்துபோன சிறுநீர்.

செப்டிக் ஷாக் என்று சந்தேகம் வந்தால், 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கூடவே சலைன், அதிலும் பிபி ஏறாவிட்டால், விரிந்த நாளங்களைச் சுருக்க நார்அட்ரினலின்.

இவ்வளவு அவசரமான விஷயத்துக்கு முதல் சோதனை எளிதானது. பிபி பார்க்கவும் மூச்சை எண்ணவும் சில நிமிடங்கள் போதும். ஜுரம் என்று வருபவருக்குத் தெர்மாமீட்டரை மட்டும் வைத்துவிட்டு மாத்திரை எழுதித் தரும் கிளினிக்குகள் இதையும் கட்டாயமாக்க வேண்டும். செப்சிஸைக் கண்டறிவதை நாடுகள் தங்கள் சுகாதார அமைப்பில் சேர்க்க வேண்டும் என உலக சுகாதார சபை 2017-லேயே தீர்மானம் போட்டுவிட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. 108-க்கு போன் போட்டால் "ஜுரம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆளைத் தெரியல, மூச்சு வாங்குது, காலையிலிருந்து யூரின் போகல" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.