வாரியாரின் கேள்வியை இன்று யார் கேட்பது?

மாசி மகத்தன்று மலாக்கா நகரில் பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து புறப்படும் வெள்ளித் தேர், செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்தை நோக்கி நகரும். பத்து பெரண்டாம் உள்ளிட்ட சுற்று வட்டாரத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டு வருவார்கள். பக்திக்கு நம்மிடம் குறைவில்லை. ஆனால், "முருகன் கையில் வேல் எதற்கு?" என்று ஒரு சிறுவன் கேட்டால், அவனுக்குப் புரியும்படி விளக்கம் சொல்லக்கூடியவர்கள் அக்கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்த இடத்தில்தான் திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகளை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் பிறந்த அவருக்குத் தந்தை மல்லையதாசரே தமிழாசான். இளமையிலேயே மேடையேறிய சுவாமிகள் 60 ஆண்டுகளுக்கும் மேலாகச் சொற்பொழிவாற்றினார். 'திருப்புகழ் அமிர்தம்' என்னும் மாத இதழையும் நடத்தினார். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எனத் தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் சென்றார். 1993 நவம்பர் 7ஆம் நாள், லண்டனிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் விமானத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவருடைய புலமையைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் அவருடைய கற்பிக்கும் முறைதான். பாட்டும் நகைச்சுவையும் கலந்து பாமரருக்கும் புரியப் பேசுவார். மேடைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நடுநடுவே கேள்வி கேட்பார். சரியாகப் பதில் சொன்ன பிள்ளைக்குச் சிறு நூல் ஒன்று பரிசாகக் கிடைக்கும். எப்போது நம்மைக் கேட்பாரோ என்று காத்திருக்கும் பிள்ளை தூங்காது. சொன்னதை மறக்கவும் செய்யாது.

நம் தோட்டப்புறங்களில் வீடு, பள்ளி, கோயில் மூன்றும் அடுத்தடுத்து இருந்தன. கதை சொல்லும் பெரியவரும் கேட்கும் பிள்ளையும் ஒரே இடத்தில் வாழ்ந்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தத் தொடர்பு அறுந்தது. புதிய ஊர்களிலும் கோயில் கட்டினோம், திருவிழா எடுத்தோம். கேள்வி கேட்பவரை மட்டும் எங்கோ தொலைத்துவிட்டோம்.

"சுவாமிகளின் சொற்பொழிவுகள்தாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றனவே" என்று சிலர் கூறலாம். உண்மைதான், நாமும் கேட்டுப் பயன்பெறலாம். ஆனால் ஒலிப்பதிவு எந்தப் பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்காது. அதன் பதிலுக்காகக் காத்திருக்காது.

"எங்களுக்கு அந்த அளவுக்குப் புலமை இல்லையே" என்று தயங்கும் பல்கலைக்கழக நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். வாரியாராக வேண்டியதில்லை. ஒரே ஒரு திருப்புகழ்ப் பாடலைப் பொருளுணர்ந்து கற்றால் போதும். விடுமுறையில் ஊர் திரும்பும்போது உங்கள் தாமான் கோயிலில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து அதைச் சொல்லிக் கொடுங்கள். முடிவில் இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் சொன்ன பிள்ளையின் கையில் ஒரு சிறு நூலைக் கொடுங்கள். ஆண்டுக்கொரு முறை அவருக்கு விழா எடுப்பதைவிட இதுவே சுவாமிகளுக்கு நாம் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.