ஆறுதலாக இருந்து சாப்பிட யாரால் முடிகிறது?

‘கவனத்துடன் உண்ணல்’ என்றொரு சொற்றொடர் சில காலமாகச் சுகாதாரப் பக்கங்களிலும் வானொலி உரைகளிலும் அடிபடுகிறது. பசித்த பின் உட்காருங்கள், தொலைக்காட்சியை நிறுத்துங்கள், கைத்தொலைபேசியை அப்பால் வையுங்கள், ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று சுவை அறிந்து உண்ணுங்கள், வயிறு போதும் என்றதும் கையைக் கழுவுங்கள் என்பதே அதன் சாரம். சலரோகமும் பிரஷரும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட இக்காலத்தில் இது நல்ல ஆலோசனைதான். இலங்கையில் நிகழும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தொற்றா நோய்களால் ஏற்படுகின்றன. வயது வந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவருக்கு மேல் சலரோகம் இருக்கிறது. ஆயினும் இந்த ஆலோசனையை எமது கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கொண்டுபோகும்போது, அதை யாரிடம் சொல்கிறோம் என்பதை நாம் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்பயிற்சியின் இன்றைய வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபட்-சின் என்பவர் நாட்பட்ட நோவினால் வருந்துவோருக்கென ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். ஒரே ஒரு முந்திரிகை வற்றலை, அதாவது நாம் கேக்குக்குப் போடும் பிளம்ஸை, கையில் எடுத்துப் பார்த்து, முகர்ந்து, நாவில் வைத்துப் பல நிமிடம் எடுத்து உண்பது அவ்வகுப்பின் பெயர்பெற்ற பயிற்சி. இதன் வேர் பௌத்த தியானம். எமது நாட்டு விகாரைகளில் பிக்குகள் உணவை உட்கொள்ளுமுன், இது விளையாட்டுக்காகவோ உடலை அழகுபடுத்துவதற்காகவோ அன்று, உடலைத் தாங்குவதற்காகவே என்று நினைந்துகொள்வது மிகப் பழைய வழக்கம். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரமும் பெரும்பாலும் மருந்தைப் பற்றியதன்று. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின், அளவோடு உண்பதைப் பற்றியது. ‘நொறுங்கத் தின்றால் நூறு வயது’ என்பதை எழுத்தறியாத பாட்டிமாரும் சொல்லித் தந்தார்கள். ஆகவே பிளம்ஸின் அருமையை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை.

மென்று உண்பதில் என்ன நன்மை? மாப்பொருள் செரிக்கத் தொடங்குவது வயிற்றில் அன்று, வாயில். உமிழ்நீரில்தான் அதற்கான முதற் சுரப்பு இருக்கிறது. அடுத்து, குடலிலிருந்து ‘போதும்’ என்ற செய்தி மூளைக்குச் சரிவரப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் செல்கிறது. ஐந்து நிமிடத்தில் கோப்பையை வழித்துவிடுபவருக்கு அச்செய்தி வரும்போது இரண்டாவது தடவை சோறு போட்டாகிவிட்டிருக்கும். 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 20 பேரை மருத்துவமனையில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் ஆக்கிப் பொதிசெய்த உணவையும், இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவையும் கொடுத்தார்கள். முன்னால் வைத்த உணவில் சக்தி, சீனி, உப்பு, கொழுப்பு, நார் எல்லாம் இருவகையிலும் ஒரே அளவு. எவ்வளவு உண்பது என்பது அவரவர் விருப்பம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளுக்கு 500 கலோரி அளவில் கூடுதலாக உண்டார்கள்; விரைவாகவும் உண்டார்கள்; இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ நிறை கூடினார்கள். அவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். மெல்ல வேண்டாதபடி மென்மையாக்கப்பட்ட உணவு அவர்களை முந்திவிட்டது.

இதைப் படிக்கும்போது எமக்குப் பாண்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எமது முன்னோர் உணவில் பெரும்பகுதி, மனிதன் விரும்பினாலும் விரைந்து உண்ண முடியாத உணவு. புழுக்கொடியலைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு துண்டை முடிப்பதற்குள் ஒரு கதையே சொல்லி முடிக்கலாம். ஒடியற்கூழைப் பிளாவில் வாங்கிச் சூடாக ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இடைமறிக்கும். சுற்றியிருந்து குடித்தாலன்றி அதில் சுவையுமில்லை. தவிடு நீங்காத சிவப்பரிசிச் சோறும் குரக்கன் பிட்டும் அப்படியே பல்லுக்கு வேலை கொடுத்தன. பின்னர் கோதுமை மா வந்தது. 1954ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்றின் கீழ் உதவியாகவும் மலிவுக் கடனாகவும் வந்து, 1980இல் திருகோணமலையில் பெரிய ஆலை இயங்கத் தொடங்கியபின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. அது பலருடைய பசியைத் தீர்த்தது. அதை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆனால் தேத்தண்ணியில் தோய்த்த பாணுக்குப் பல் தேவையில்லை, கறி தேவையில்லை, உட்காரவும் தேவையில்லை. நின்றபடி விழுங்கிவிட்டு ஓடலாம்.

தேத்தண்ணியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். எமது மக்கள் உணவென்று கணக்கெடுக்காத உணவு அதுதான். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, மாலையில் ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், கரண்டிக்கு 5 கிராம் வீதம், ஐந்து கோப்பையில் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த நெறியின்படி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சேர்க்கப்படும் சீனியின் மேலெல்லை இந்த 50 கிராமேதான். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நன்று என்கிறது. பிஸ்கட்டும் சோடாவும் பணிசும் வாய்க்கு வருமுன்பே எல்லை முடிந்துவிடுகிறது! சோடாப் போத்தலிலாவது 2016ஆம் ஆண்டு முதல் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டம் பார்த்துச் சீனியின் அளவை அறியலாம். வீட்டுச் சீனிப் போத்தலில் வட்டம் இல்லை. உள்ளங்கையில் சிறு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தவர்கள் இந்த விடயத்தில் எம்மிலும் கவனமுள்ளவர்கள். பனங்கட்டியும் சீனி வகைதான். சலரோகக்காரருக்கு அது மருந்தென்று சொல்வது பொய். ஆனால் கையில் இருந்த துண்டு எவ்வளவு, எவ்வளவு மிஞ்சியது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது என்பதையும் இரத்தச்சோகையுள்ள பெண்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம்.

இதுவரை சொன்னது தனியொருவர் தம் கோப்பைக்கு முன்னால் இருந்து செய்யக்கூடியது. எமது வீடுகளில் எல்லோருக்கும் முன்னால் ஒரு கோப்பை இருக்கிறதா என்பதே எமது கேள்வி.

கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி, மாமிக்குக் கொடுத்து, வந்தவரைக் கவனித்து, பின்பு அடுப்படியில் குந்தியிருந்தோ நின்றபடியோ சட்டியில் மிஞ்சியதை வழித்து உண்பவள் எமது தாய். மீன் துண்டு முடிந்திருக்கும். குழம்பும் அடிச்சோறும் இருக்கும். சில வேளை பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றி, பசியில்லாமலே அதையும் உண்கிறாள். பசிக்கும்போது உண்ணவும், பசியாதபோது உண்ணாதிருக்கவும் அவளுக்கு உரிமை இல்லை. அவளிடம் போய் ‘ஒவ்வொரு வாயையும் சுவைத்து உண்ணுங்கள்’ என்று சொல்வது எப்படி? 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷா திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்குமென்று தனியே மா கொடுக்கப்பட்டது. அதை வீட்டில் எல்லோருக்கும் உருண்டையாகப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறுங்கையோடு இருந்த தாய்மார் எத்தனை பேர் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்நாட்களில் வீட்டில் முதலில் ஒரு வேளையைக் கைவிட்டவர் யார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

தோட்டத்துப் பெண்ணின் நிலை இன்னும் இறுக்கமானது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளை அனுப்பி, தேயிலை மலைக்கு ஏறுகிறாள். கொழுந்தின் நிறைக்கேற்பவே அவள் நாள் மதிக்கப்படுகிறது. பகல் இடைவேளையில் கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு இறங்கி, உண்டு, மறுபடி ஏற வேண்டும். அவள் அவசரமாக உண்பது கெட்ட பழக்கமன்று, அவளுடைய வேலையின் அமைப்பு. ஒற்றை லயன் அறையில் குடும்பம் முழுவதும் வட்டமாக இருந்து உண்ண இடமும் இல்லை. நிழலும் தண்ணீரும் உள்ள ஓர் உணவு மடுவம் மலையிலேயே இருந்தால் அவள் உடல்நலத்துக்கு எத்தனையோ துண்டுப்பிரசுரங்களைவிட அது உதவும்.

விரைந்துண்பதற்கு வன்னியில் வேறொரு காரணமும் உண்டு. பசியை அறிந்தவர்கள் விரைந்து உண்பார்கள். பதுங்கு குழியில் கஞ்சி குடித்தவர்களும், 2009இல் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்று உணவு வாங்கியவர்களும், கிடைத்ததை உடனே உண்டுவிட வேண்டும் என்று உடலால் கற்றுக்கொண்டவர்கள். அவர்களிடம் ‘ஏன் இந்த அவசரம்’ என்று கேட்கும் முன் ஒரு கணம் நிதானிக்க வேண்டும்.

இப்பயிற்சியைப் பற்றி மிகையாகவும் சொல்ல வேண்டாம். கவலையினாலும் தனிமையினாலும் கட்டுப்பாடின்றி உண்பவர்களுக்கு இது உதவுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. இதனால் மட்டும் உடல் நிறை குறையும் என்பதற்கு அத்துணை உறுதியான சான்று இல்லை. சலரோகத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ‘பசி வரட்டும்’ என்று உணவைத் தள்ளிப்போடுவது ஆபத்து. அவர்கள் நேரத்துக்கு உண்ண வேண்டும். ஒருவேளை உணவுக்கே வழியற்றவரிடம் இதைப் பேசுவது அவமதிப்பு.

நாம் பரிந்துரைப்பது சிறியது. நாளுக்கு ஒரு வேளை, பெரும்பாலும் இரவுச் சாப்பாடு, எல்லோரும் பாயில் ஒன்றாக இருப்பது. சோற்றுப் பானையும் கறிச்சட்டிகளும் அடுப்படியிலன்றி நடுவில் இருக்கட்டும். அம்மாவின் கோப்பை உட்பட எல்லாக் கோப்பைகளிலும் சோறும் மீனும் போட்ட பின்பே ஒருவர் கைவைக்கட்டும். தண்ணீர்ச் செம்பை எடுத்துவர ஐயா எழும்பலாம். எழும்பினால் ஒன்றும் குறையாது. முதலில் கீரையும் மரக்கறியும், பிறகு சோறு என்று தொடங்கினால் இரத்தத்தில் சீனி ஏறும் வேகம் குறையும். தொலைக்காட்சியை அந்த அரைமணி நேரம் நிறுத்திவிடலாம். கைத்தொலைபேசியைக் காட்டிக் குழந்தைக்கு ஊட்டும் வழக்கம் இப்போது வன்னிக் குடிசைகளிலும் வந்துவிட்டது. வாயைத் திறந்தபடி படம் பார்க்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை.

மாதர் சங்கங்களில் போஷாக்கு வகுப்பு நடத்துவோர் கீரை வகைகளின் பட்டியலோடு இன்னுமொரு கேள்வியைக் கேட்டால் நல்லது: நேற்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவர் யார், அவருக்கு என்ன மிஞ்சியிருந்தது? அதே கேள்வியைக் கமக்காரர் அமைப்பிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும், ஆண்கள் மட்டும் கூடியிருக்கும்போது, ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.