லைட் எரிந்தால் மட்டும் போதாது

எங்கட சனசமூக நிலையத்து வைஃபை பெட்டியில் பச்சை லைட் எரியுது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் காணேல்லை. "பெட்டி பழுது, புதுசு வாங்குவம்" எண்டு காசு சேர்க்க வெளிக்கிட்டாச்சு.

பழுது பெட்டியில் இல்லை. அதற்குத் தனிக் கரண்ட் வயர் கிடையாது. நெட்வேர்க் கேபிளாலேயே சுவிட்ச் மின்சாரம் கொடுக்கிறது. 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் போர்ட்டில் இருந்து 15.4 வாட் புறப்பட்டாலும், கேபிள் இழப்புப் போகப் பெட்டிக்கு உறுதியானது 12.95 வாட்தான். 2009இன் 802.3ஏடி தரத்தில் அது 25.5 வாட். எங்கட சுவிட்ச் பழைய தரம், பெட்டி புதிய தரம். கரண்ட் போதாவிட்டால் சில பெட்டிகள் ஒரு ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு மற்றதை மட்டும் ஓட்டும். போர்ட்டை மட்டும் பார்த்தும் காணாது: மொத்தமே 60 வாட் கொடுக்கிற சுவிட்ச், 25 வாட் கேட்கும் மூன்று பெட்டிகளைத் தாங்காது.

30 வாட் இன்ஜெக்டர் ஒன்றை இரவல் வாங்கி இடையில் மாட்டினோம். சிக்னல் வந்திட்டுது.

ஏ.எல். எடுக்கிற பிள்ளைகள் அங்கதான் வந்து படிக்கினம். ஊர்க்காசு எங்கட ஊகத்துக்குச் செலவழிக்கிறதுக்கில்லை. முதலில் கரண்ட் கணக்கைப் பாருங்கோ. பிறகு பெட்டியைக் குறை சொல்லலாம்.