ஆவன செய்யுமா அரசு? - ரெண்டு அமைச்சர்களும் ஆரணி முட்டிவலியும்

சட்டமன்றக் கேள்வி நேரம் பார்க்கிற பழக்கம் உண்டா உங்களுக்கு? தமிழ்நாட்டுல 2022 ஜனவரியில அதை நேரலையா காட்ட ஆரம்பிச்சாங்க. சீரியலை விட நல்லா இருக்கும், நம்புங்க :-)

ஒரு உறுப்பினர் எழுந்திருப்பார். தொகுதியில ஒரு பாலம், இல்லன்னா ஒரு கோயில் தேர், இல்லன்னா ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம். விலாவாரியா சொல்லிட்டு, "அரசு ஆவன செய்யுமா?"ன்னு முடிப்பார். அமைச்சர் எழுந்து, முதல்ல தலைவருக்கு நாலு வரி பாராட்டு, அப்புறம் உறுப்பினருக்கு ஒரு வரி பாராட்டு, கடைசியா பரிசீலிக்கப்படும்னு அரை வரி பதில். மேசை தட்டுவாங்க. அடுத்த கேள்வி. எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் இதே வசனம்தான், நடிகர்கள்தான் மாறுவாங்க.

"ஆமாப்பா, இது தெரிஞ்ச கதைதானே, இதுக்கு ஒரு பதிவா?"ன்னு பின்னூட்டம் போட கை நீட்டுறவங்க கொஞ்சம் பொறுங்க. கேள்வி கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு அலுத்துக்கிற கோஷ்டி நான் இல்ல. கேள்விக்கு வலு இருக்குன்னு நம்புறவன். எங்க ஊர் விஷயத்துல அந்தக் கேள்வியே தப்பான இடத்துல வெட்டுப்படுது. அதுதான் என் கோபம்.

வலு இருக்குன்னு எப்படிச் சொல்றேன்? ரெண்டு உதாரணம்.

பாரம்பரியத்துக்கு ஒண்ணு. 2022 கணக்குப்படி இந்தியத் தொல்லியல் துறை பாதுகாப்புல இருந்த நினைவுச் சின்னங்கள் 3,693. இதுல 92ஐ காணோம்னு 2013லயே மத்திய தணிக்கைத் துறை சொல்லிடுச்சு. தேடிப் பார்த்ததுல 42 கிடைச்சுது. மீதி 50 என்னாச்சுன்னு நாடாளுமன்ற நிலைக்குழு துருவிக் கேட்டதுல 2022 டிசம்பர்ல பதில் வந்தது. 14 நகரம் வளர்ந்ததுல போச்சு, 12 நீர்த்தேக்கத்துல முழுகிப் போச்சு, 24 எங்க இருக்குன்னே தெரியல. அப்போ காவலாளி போட்டிருந்தது வெறும் 248 இடத்துல. பர்ஸ் தொலைஞ்சா நாம போலீஸ் ஸ்டேஷன் போறோம். இங்க கல்லுல கட்டின சின்னமே தொலைஞ்சு போயிருக்கு, உறுப்பினர்கள் விடாம கேட்டதாலதான் கணக்கு முழுசா வெளிய வந்தது.

சுகாதாரத்துக்கு ஒண்ணு. 2020 செப்டம்பர், கொரோனா உச்சம். அந்தக் கூட்டத்தொடர்ல கேள்வி நேரத்தையே தூக்கிட்டாங்க. எழுத்துல கேட்கலாம், எழுத்துல பதில் வரும், அவ்வளவுதான். எத்தனை மருத்துவப் பணியாளர்கள் செத்தாங்கன்னு மாநிலங்களவையில கேட்டதுக்கு, சுகாதாரம் மாநிலப் பட்டியல்ல வருது, மத்தியில அந்தக் கணக்கு வெச்சுக்கலன்னு பதில் வந்தது. உடனே இந்திய மருத்துவச் சங்கம் கொதிச்சுப் போய் 382 டாக்டர்கள் பட்டியலை வெளியிட்டது. அடுத்த வருஷம் ஜூலை 20ல, ஆக்சிஜன் பற்றாக்குறையால இறந்தாங்கன்னு எந்த மாநிலமும் குறிப்பிட்டுச் சொல்லலன்னு இன்னொரு பதில். நாடே சிலிண்டருக்கு அலைஞ்சதைப் பார்த்தவங்க நாம.

இந்த ரெண்டு பதிலும் மோசமான பதில்தான். ஆனா கேட்காம இருந்திருந்தா இந்த மோசம்கூட நமக்குத் தெரிஞ்சிருக்காது. கணக்கு இல்லைன்னு அமைச்சர் அவையில சொல்றதே ஒரு வாக்குமூலம்தான்.

சரி, இப்போ ஆரணிக்கு வருவோம்.

ஆரணின்னா வெளியூர்க்காரங்களுக்கு பட்டும் அரிசியும். சரித்திரம் பேசறவங்களுக்கு கோட்டை, 1751ல கிளைவ் ராசா சாகிபோட மோதின இடம். பக்கத்துல பூசிமலைக்குப்பத்துல ஜாகீர்தாருங்க கட்டின மாளிகை சிதைஞ்சு கிடக்கு. அதுக்குள்ள போய் போட்டோ எடுத்து "அய்யோ நம்ம பாரம்பரியம்"னு பதிவு போட்ட நண்பர்கள் நம்மள்லயே உண்டு. தப்பில்ல, போடுங்க. ஆனா இந்த ஊரோட பெரிய பாரம்பரியம் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு. ஆரணிப் பட்டுக்கு புவிசார் குறியீடே வாங்கியாச்சு. ஆரணிங்கிற பேருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. அதை நெய்யற உடம்புக்கு என்ன பாதுகாப்பு?

குழித்தறியை நேர்ல பார்க்காதவங்களுக்காகச் சொல்றேன். தரையில ஒரு குழி. அந்த விளிம்புல உட்கார்ந்து காலைக் குழிக்குள்ள தொங்கவிட்டு மிதிகட்டையை மாத்தி மாத்தி மிதிக்கணும். ஒரு கை கயிறை இழுத்து நாடாவை ஓட விடும், இன்னொரு கை பலகையை இழுத்து அடிக்கும். ஒரு இழைக்கு ஒரு தடவை. ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் தடவைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. முதுகு முன்னாடி வளைஞ்சே இருக்கும், கண்ணு இழையிலயே இருக்கும். மழைக்காலத்துல குழியில ஈரம் ஊறும். இந்தப் பக்கம் வீட்டுப் பொம்பளைங்க ராட்டையில தார் சுத்துவாங்க, சமையலுக்கு நடுவுல. சாயம் போடறவங்க கொதிக்கிற தண்ணியிலயும் ரசாயனத்துலயும் நிப்பாங்க. இருபது வருஷம் இப்படி உழைச்சா முட்டி, இடுப்பு, கழுத்து, கண்ணு எல்லாம் கணக்குக் கேட்கும்.

இந்த முட்டிவலி எந்த அமைச்சரோட துறை?

சிரிக்காதீங்க, இதுதான் இந்தப் பதிவோட மையக் கேள்வி. பட்டுன்னா கைத்தறித் துறை. வலின்னா மக்கள் நல்வாழ்வுத் துறை. ரெண்டுக்கும் தனித்தனி அமைச்சர், தனித்தனி மானியக் கோரிக்கை. கைத்தறி அன்னிக்கு தள்ளுபடி, கோ-ஆப்டெக்ஸ் விற்பனை, கூட்டுறவுச் சங்கம், இலவச மின்சாரம்னு பேசுவாங்க. சுகாதாரம் அன்னிக்கு கட்டடம், படுக்கை, டாக்டர் பணியிடம், 108ன்னு பேசுவாங்க. எல்லாமே தேவையான பேச்சுதான். ஆனா தறியில உட்கார்ந்து தேயற முட்டியைப் பத்தி எந்த நாள்ல பேசுவாங்க? நான் பார்த்த வரைக்கும் எந்த நாள்லயும் இல்ல. அங்க கேட்டா அது சுகாதாரம், இங்க கேட்டா அது கைத்தறி. நடுவுல கிடக்கிறவர்தான் நெசவாளி.

இது வெறும் நிர்வாகச் சிக்கல்னு நினைக்காதீங்க. ஒரு திட்டத்தோட கதையைப் பார்த்தா புரியும்.

2005ல மத்திய ஜவுளி அமைச்சகம் கைத்தறி நெசவாளர்களுக்குன்னே ஒரு மருத்துவக் காப்பீடு கொண்டு வந்தது. நெசவாளி, வாழ்க்கைத்துணை, ரெண்டு பிள்ளைங்களுக்குச் சேர்த்து வருஷத்துக்கு 15,000 ரூபாய். சின்ன தொகைதான். ஆனா அதுல 7,500 ரூபாய் வரைக்கும் வெளிநோயாளிச் செலவுக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க. அதை யோசிச்ச புண்ணியவானுக்கு ஒரு விஷயம் புரிஞ்சிருந்தது. நெசவாளிக்கு வர்ற வியாதி ஆஸ்பத்திரியில படுக்க வைக்கிற வியாதி இல்ல. நடமாடிக்கிட்டே, நெஞ்சுக்கிட்டே அனுபவிக்கிற வியாதி. மாத்திரை, தைலம், கண்ணாடி, எக்ஸ்ரே, நாலு நாள் பிசியோதெரபி. அதுக்கு ஓ.பி. செலவுதான் தேவை.

2014 வாக்குல அந்தத் தனித் திட்டத்தை நிறுத்தி பொதுத் திட்டத்தோட சேர்த்தாங்க. 2018 செப்டம்பர்ல ஆயுஷ்மான் பாரத் வந்தது, குடும்பத்துக்கு 5 லட்சம். தமிழ்நாட்டுல 2009ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 1 லட்சம், 2012ல முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், அதுவும் பிற்பாடு 5 லட்சமாச்சு. 15,000 எங்க, 5 லட்சம் எங்க! மேடையில சொன்னா கைதட்டல் அள்ளும்.

ஆனா இந்த 5 லட்சம் அடிப்படையில ஆஸ்பத்திரியில சேர்ந்து எடுத்துக்கிற சிகிச்சைக்கு. இதய அறுவை சிகிச்சைக்கு அது உயிர் காத்த திட்டம், மறுக்கவே இல்ல. நெசவாளிக்கு அதோட அர்த்தம் என்ன? முட்டி முழுசா தேயற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு மிதி, தேய்ஞ்சு முடிஞ்சதும் வா, மாத்தித் தர்றோம். தொகை முப்பது மடங்குக்கு மேல ஏறுச்சு, அவருக்கு உண்மையில தேவைப்பட்ட அந்த 7,500 மட்டும் சத்தமில்லாம காணாமப் போச்சு. கல்லுல கட்டின சின்னம் தொலைஞ்சா தணிக்கைத் துறை பட்டியல் போடுது. இது தொலைஞ்சதுக்கு யார் பட்டியல் போட்டாங்க?

"அரசு ஆஸ்பத்திரியில ஓ.பி. இலவசம்தானே?"ன்னு கேட்பீங்க. சீட்டு இலவசம், மாத்திரை இலவசம். அன்னிக்குக் கூலி? சேலைக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறவருக்கு வரிசையில நின்ன நாள் தறி நின்ன நாள். மாசச் சம்பளக்காரனுக்கு மெடிக்கல் லீவு இருக்கு, கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கு. சொந்த வீட்டுல உட்கார்ந்து அடுத்தவங்க பாவுல நெய்யறவருக்கு எதுவும் இல்ல, ஏன்னா அவர் யாருக்கும் "தொழிலாளி" கிடையாது.

"மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே?" இருக்கு. 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்சாங்க, நல்ல திட்டம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருது, இயன்முறை சிகிச்சையும் அதுல ஒரு பகுதி. அப்போ கேள்வி இன்னும் சுலபமாச்சு. நெசவாளர் தெருக்களைத் தனியா கணக்கெடுத்தீங்களா? கேட்கத்தான் ஆள் இல்ல.

ஆள் இல்லையான்னா, எங்க தொகுதிக்கு அமைச்சரே இருந்தார். 2016-21 அமைச்சரவையில இந்து சமய அறநிலையத் துறை சேவூர் ராமச்சந்திரன்கிட்டதான் இருந்தது, அதாவது பதில் சொல்ற வரிசை. 2021லயும் ஆரணியில அவரே ஜெயிச்சார், இந்தத் தடவை கேள்வி கேட்கிற வரிசை. ஒரே தொகுதி ரெண்டு வரிசையிலயும் உட்கார்ந்து பார்த்தாச்சு. எம்.பி. தொகுதியை எடுத்துக்கிட்டா 2009ல காங்கிரஸ், 2014ல அதிமுக, 2019ல மறுபடி காங்கிரஸ், 2024ல திமுக. எல்லாக் கலர் துண்டும் போட்டுப் பார்த்தாச்சு. தனிப்பட்ட யார் மேலயும் எனக்குப் புகார் இல்ல, உள்குத்து தேடாதீங்க. எந்தத் துண்டுக்கும் இந்தக் கேள்வி தோணலையேன்னுதான் ஆதங்கம்.

டெல்லியோட லட்சணத்தையும் சொல்லிடறேன். தேசியக் கைத்தறி நாள் 2015 ஆகஸ்ட் 7ல நம்ம சென்னையிலதான் தொடங்கிச்சு, பிரதமரே வந்தார். அஞ்சே வருஷம். 2020 ஜூலை 27ல, அந்த வருஷக் கைத்தறி நாளுக்கு 11 நாள் முன்னாடி, அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையே கலைச்சுட்டாங்க. 2009-10 கணக்கெடுப்புல 43.31 லட்சமா இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20ல 35.22 லட்சம். நெசவாளர் குடும்பங்கள்ல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு மாசம் 5,000 ரூபாய்க்குக் கீழ சம்பாதிக்குது.

"கஷ்டமா இருந்தா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே, பிள்ளைங்களை ஐ.டி.க்கு அனுப்பட்டும்"னு ஒரு குரல் கேட்குது. போறாங்க சாமி, போய்க்கிட்டேதான் இருக்காங்க. அதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா அப்படின்னா மேடையில "நமது தொன்மையான பாரம்பரியம்"னு பொன்னாடை போர்த்தறதை நிறுத்திக்குங்க. அந்தப் பொன்னாடைகூட எங்கேயோ ஒரு தறியில ஓடினதுதான்.

சரி, குறை மட்டும் சொல்லிட்டு எஸ்கேப் ஆக மாட்டேன். எம்.எல்.ஏ.க்களுக்கு வேலையைச் சுலபமாக்கி, கேள்விகளை நானே அவை நடையில எழுதித் தர்றேன்:

(அ) நெசவாளர்களுக்கான தனிக் காப்பீட்டில் இருந்த வெளிநோயாளிச் சிகிச்சைத் தொகைக்கு ஈடாக, தற்போது நடைமுறையில் உள்ள ஏற்பாடு என்ன?

(ஆ) ஆரணிப் பகுதி நெசவாளர்களிடம் முட்டி, முதுகு, கண் பாதிப்பு குறித்துக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டுள்ளதா? ஆம் எனில் எந்த ஆண்டு? இல்லை எனில் ஏன்?

(இ) தார் சுற்றும், சாயம் போடும் பெண்களில் தங்கள் பெயரிலேயே நெசவாளர் அட்டை வைத்திருப்போர் எத்தனை பேர்?

(ஈ) வாரத்தில் ஒரு மாலை, கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலேயே இயன்முறை சிகிச்சையும் கண் பரிசோதனையும் நடத்த, கைத்தறித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் இணைந்து ஆவன செய்யுமா?

கடைசிக் கேள்விக்கு "பரிசீலிக்கப்படும்"னு பதில் வரும், தெரியும். வரட்டும். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ, அரசு உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்கு. அவையில அமைச்சர் கொடுக்கிற வாக்குறுதி நிறைவேறுச்சான்னு பார்க்கிறதுதான் அதோட ஒரே வேலை. நாடாளுமன்றத்துல அதுக்கு மூணு மாசம்னு கெடுவே இருக்கு. "ஆவன செய்யுமா?"ன்னு ஒருத்தர் கேட்டாச்சுன்னா, "ஆனது என்ன?"ன்னு அடுத்த கூட்டத்தொடர்ல இன்னொருத்தர் கேட்கணும்.

அதனால சக பதிவர்களே, அடுத்த ஆகஸ்ட் 7க்கு பட்டுச்சேலை போட்டோவும் வேட்டி போட்டோவும் தாராளமா போடுங்க. கூடவே மேல இருக்கிற நாலு கேள்வியில ஒண்ணையாவது உங்க தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு அனுப்புங்க. காஞ்சிபுரம், திருபுவனம், சேலம், பரமக்குடி, எந்த ஊரா இருந்தாலும் ஊர்ப் பேரை மட்டும் மாத்திக்கிட்டாப் போதும். முட்டி எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் தேயுது.

டிஸ்கி: பதில் வாங்கினவங்க பின்னூட்டத்துல தேதியோட போடுங்க. வெறும் "பரிசீலனையில் உள்ளது"ன்னு வந்தாலும் சரி, அதையும் தேதியோட சேர்த்து வைப்போம்.