எய்தவர் இருக்க

கேப் டவுன் நகரத்து நியூலாண்ட்ஸ் மைதானத்தில் 2018 மார்ச்சில் நடந்த கபடத்தை, இந்த வாரம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஏதோ பிள்ளைக் குறும்பைப் போலச் சிரித்துச் சிரித்து விவரித்ததைக் கேட்டபோது எனக்குண்டான கோபம் இன்னும் தணியவில்லை. பழைய பந்தின் ஒரு பக்கத்தைக் கரடாக்கினால் ரிவர்ஸ் ஸ்விங் கிடைக்கும் என்று உப்புத்தாளை ஒளித்துக்கொண்டு களமிறங்கியவர் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியின் இளைஞர் பான்கிராஃப்ட். யோசனையைத் தந்தவர் துணைத் தலைவர் வார்னர். அறிந்தும் தடுக்காதவர் தலைவர் ஸ்மித். தலைவருக்கு ஐ.சி.சி. விதித்தது ஒரே ஒரு டெஸ்ட் தடையும் ஆட்ட ஊதிய அபராதமும். பின்னர் ஆஸ்திரேலிய வாரியம் மூத்தவர் இருவருக்கும் ஓராண்டும் இளையவருக்கு ஒன்பது மாதமும் விதித்தது. ஏவியவருக்கும் ஏவப்பட்டவருக்கும் மூன்று மாதந்தானா வித்தியாசம்?

இளையவரை மூத்தவர் ஏவிய கதை என்றால், பாகிஸ்தானின் முகம்மது ஆமிர் பெயரையும் எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. 2010 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில், பதினெட்டே பிராயமான அந்த இடக்கை வேகப் பந்துவீச்சாளர், இங்கிலாந்தை ஏழு விக்கெட்டுக்கு 102 என்று திணறடித்து, அந்த இன்னிங்ஸில் ஆறு விக்கெட்டுகளைச் சாய்த்ததைப் போன்ற ஸ்விங்கை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். அதே ஆட்டத்தில்தான், தரகர் மஜீத் காசு வாங்கிக்கொண்டு முன்கூட்டியே குறித்துக்கொடுத்த பந்துகளில், கோட்டைத் தாண்டிக் காலூன்றி அவர் இரண்டு நோபால்களை வீசினார். மூன்றாவது நோபால் சக பந்துவீச்சாளர் ஆசிஃபுடையது. இவ்வளவையும் பின்னின்று நடத்தியவர் அணித்தலைவர் சல்மான் பட் என்பதே லண்டன் நீதிமன்றம் கண்ட முடிவு.

அந்த நீதிமன்றம் தராதரம் அறிந்தே தீர்ப்பளித்தது: பட்டுக்கு முப்பது மாதம், ஆசிஃபுக்குப் பன்னிரண்டு, ஆமிருக்கு ஆறு. கிரிக்கெட்டின் நியாயஸ்தலமோ பட்டுக்குப் பத்தாண்டு என்று அறிவித்து அதில் ஐந்தை நிறுத்திவைத்தது; ஆசிஃபுக்கு ஏழு என்று கூறி இரண்டை நிறுத்திவைத்தது; குறைந்தபட்சமே ஐந்தாண்டு என்று விதி கூறியதால் ஆமிருக்கு முழு ஐந்தும் விழுந்தன. தலைவரும், அவர் சொற்கேட்ட பாலகனும் இழந்தவை ஒரே அளவு ஆண்டுகள் என்றால், அந்தக் கணக்கை நியாயம் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இன்றளவும் இடங்கொடுக்கவில்லை.

ஆமிர் நிரபராதி என்று நான் வாதாடவில்லை. பந்து அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அணியில் தன் இடம் எவர் தயவில் நிற்கிறதோ அவருடைய ஆக்ஞையை மறுக்கும் மனத்திடம் அந்த வயதில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? இளையவருக்கு ஓரிரண்டு ஆண்டுத் தடையும், உண்மையை ஒளிக்காமல் சொன்னால் அதிலும் குறைப்பும் போதும். ஏவிய தலைவர் ஆட்டக்காரராகவோ, பயிற்சியாளராகவோ, தேர்வாளராகவோ எந்த அணியின் வாசலையும் மீண்டும் மிதிக்கலாகாது. 2016-ல் ஆமிர் அதே லார்ட்ஸுக்குத் திரும்பி, பாகிஸ்தானின் வெற்றிக்கான கடைசி விக்கெட்டை வீழ்த்தியபோது நான் மனமார மகிழ்ந்தேன். 2023 டிசம்பரில் பாகிஸ்தான் வாரியம் தேர்வுக் குழுவின் ஆலோசகராக நியமித்ததோ சல்மான் பட்டை. கண்டனம் கிளம்பவே மறுநாளே விலக்கிவிட்டார்கள் என்றாலும், அப்படியொரு நியமனத்துக்கு இடமளித்த விதிப்புத்தகத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.