எஃப் கார்டும் எங்க தாத்தாவின் தந்தியும்!

"மச்சான்... நீ எந்தப் பாட்டை வாசிச்சாலும் அதே பாட்டு மாதிரியே இருக்கேடா!"

ஹாஸ்டல் மொட்டை மாடியில் வைத்து ரூம்மேட் இப்படிச் சொன்னபோது, அவனை அப்படியே கீழே தள்ளிவிடலாமா என்றுதான் தோன்றியது. ஆனா, பய சொன்னது சத்தியமான உண்மை. அதான் ரொம்ப வலிச்சுது.

ஃப்ளாஷ்பேக். செகண்ட் இயர் ஆரம்பத்தில், படிப்பை முடிச்சுட்டுப் போன ஒரு சீனியர்கிட்ட இருந்து 3,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் கிட்டார் ஒண்ணு வாங்கினேன். முதல் மூணு மாசம்... அடேங்கப்பா! திங்கக்கிழமை ஜி கார்டு. வியாழக்கிழமை டி. அடுத்த வாரம் ஈ மைனர், சி. விரல் நுனியில் தோல் காய்ச்சுப்போனதைக்கூட விழுப்புண் மாதிரி மெஸ்ஸில் எல்லோருக்கும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். நாலே நாலு கார்டு, இருபது பாட்டு. மனசுக்குள்ள எனக்கு நானே கட்-அவுட் வெச்சு பாலாபிஷேகமே பண்ணியாச்சு.

அப்புறம்? பொட்டுனு நின்னுபோச்சு. அடுத்த பதினாலு மாசம் தினமும் ஒரு மணி நேரம் வாசிச்சேன். அதே நாலு கார்டு, அதே ஸ்ட்ரம்மிங். ஒரு இன்ச் முன்னேறலை. இதுக்கு இங்கிலீஷ்காரன் வெச்ச பேர் 'ப்ளாட்டோ'. தமிழில் பீடபூமி. ஏழாங்கிளாஸ் ஜியாக்ரஃபியில் தக்காண பீடபூமினு மேப்புல கலர் அடிச்சோமே, அதேதான். ஏறி வந்தாச்சு, ஆனா அதுக்கு மேல எங்கே பார்த்தாலும் தட்டை!

கிட்டார் மட்டும் இல்லை மக்களே... டைப்பிங், கோடிங், ஷட்டில், ஸ்போக்கன் இங்கிலீஷ்னு எதைக் கத்துக்கிட்டாலும் ஒரு கட்டத்தில் இந்தப் பீடபூமி வரும். நீங்களும் ஒண்ணுல மாட்டிக்கிட்டு நிக்கிற ஆளா இருந்தா, வாங்க, ஒண்ணா உட்காருவோம்.

எனக்கு எங்கே அடி விழுந்ததுனு சொல்லிடறேன். காலேஜ் கல்ச்சுரல்ஸ், லைட் மியூசிக் டீம் ஆடிஷன். பாட்டு நடுவில் சி கார்டில் இருந்து எஃப் கார்டுக்குத் தாவணும். கிட்டார் தொடாதவங்களுக்கு ஒரு வரி விளக்கம்: எஃப்புல ஆள்காட்டி விரலை முதல் கட்டத்தில் குறுக்கே படுக்க வெச்சு ஆறு கம்பியையும் அமுக்கணும். 'பார் கார்டு'னு பேர். கிட்டாரைத் தூக்கிப் பரண் மேல போட்டவங்களில் பாதிப் பேரைக் கேளுங்க, வில்லன் பேர் எஃப்னுதான் சொல்லுவாங்க.

தாவினேன். 'டப்!' ஈரத்துணியைக் கல்லில் அடிச்சுத் துவைக்கிற சத்தம். "ஓகே, தேங்க்ஸ்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. செலக்ட் ஆனது, கிட்டாரைக் கையில் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத ஃபர்ஸ்ட் இயர் பையன். "அண்ணா, நீங்களும் வாசிப்பீங்களா?"னு அவன் அப்பாவியா கேட்டான் பாருங்க... அன்னிக்கு கட்டிலுக்கு அடியில் போன கிட்டார், ரெண்டு மாசம் வெளியே வரவே இல்லை.

ஸ்டடி லீவுக்கு ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னதால, வேற வழியில்லாம அதையும் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போனேன். பாளையங்கோட்டையில் தாத்தா வீடு. தாத்தா ரிட்டயர்டு தந்தி ஆபரேட்டர். 1966-ல் வேலைக்குச் சேர்ந்து, கட்டுக் கட்டா மோர்ஸ் சத்தத்தைக் காதால கேட்டு பேப்பர்ல எழுதினவர். 2013 ஜூலையில் நம்ம நாட்டுல தந்தி சேவையை நிறுத்தினப்போ, கடைசி நாள் போய் வரிசையில் நின்னு, எங்க வீட்டு அட்ரஸுக்கே ஒரு தந்தி அடிச்சுட்டு வந்த பார்ட்டி!

படிக்கிற மூட் இல்லாத ஒரு மத்தியானம், சும்மா கிட்டாரை எடுத்துத் தட்டிக்கிட்டு இருந்தேன். திண்ணையில் ஈஸி சேரில் கண்ணை மூடிப் படுத்திருந்த தாத்தா கேட்டார்:

"ஏல, எல்லா பாட்டுலயும் ஒரே இடத்துல வந்து வண்டி நிக்குல்லா, அது என்னது?"

தூக்கிவாரிப் போட்டுச்சு. தாத்தாவுக்கு இப்போ காது கொஞ்சம் மந்தம். சங்கீதத்துக்கும் அவருக்கும் ரொம்ப தூரம். ஆனா, எஃப்பைக் கண்டுபிடிச்சுட்டார்!

"அது ஒரு கஷ்டமான கார்டு தாத்தா. வரமாட்டேங்குது."

"ஒரு மணி நேரமா வாசிக்கியே... அந்த இடத்துக்கு எத்தனை வாட்டி வந்த?"

தெரியலை. மறுநாள் எண்ணிப் பார்த்தேன். பதினொண்ணு. ஒரு மணி நேரத்தில் வெறும் 11 தடவை! மிச்ச நேரம் முழுக்க ஏற்கெனவே நல்லா வர்றதையே திரும்பத் திரும்ப வாசிச்சு, எனக்கு நானே கைதட்டிக்கிட்டு இருந்திருக்கேன். வாசிக்கிறது வேற, பழகுறது வேற. பதினாலு மாசமா நான் பழகவே இல்லை!

தாத்தா அவர் கதையைச் சொன்னார். "எனக்கும் இப்படித்தான் நின்னுச்சு. மொதல்ல கட்டு கடா சத்தம் மட்டும்தான் கேக்கும். அப்புறம் எழுத்து எழுத்தா கேக்கும். எழுத்தா கேக்குற வரைக்கும் மண்டை காஞ்சு போவும். ஒரு எழுத்தை யோசிச்சா அடுத்தது ஓடிப் போயிரும். என்னைக்கு முழு வார்த்தையா காதுல விழ ஆரம்பிச்சுதோ, அன்னைக்குத்தான் நிமிர்ந்து கவுன்ட்டர்ல யாரு நிக்கான்னே பார்த்தேன்."

தாத்தா ஏதோ பழைய பெருமை பேசறார்னு நினைச்சேன். அன்னிக்கு ராத்திரி தேடிப் பார்த்தா, அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர்னு ரெண்டு பேர் இதையே ஆராய்ச்சி பண்ணி 1897-லயும் 1899-லயும் கட்டுரை எழுதியிருக்காங்க. யாரை வெச்சுத் தெரியுமா? தந்தி ஆபரேட்டர்களை வெச்சு! வாரா வாரம் வேகத்தை அளந்து கிராஃப் போட்டிருக்காங்க. செய்தியை அனுப்புற வேகம் ஒழுங்கா ஏறுது. காதால கேட்டு எழுதற வேகம் மட்டும் கொஞ்ச தூரம் ஏறி, மாசக்கணக்கில் தட்டையா படுத்துக்கிட்டு, அப்புறம் மறுபடி ஜிவ்வுனு ஏறுது. எழுத்தில் இருந்து வார்த்தைக்கு, வார்த்தையில் இருந்து வாக்கியத்துக்குப் பழக்கம் மாறுற இடைவெளிதான் அந்தத் தட்டைனு அவங்க சொன்னாங்க. நிறைய பேர் அந்தத் தட்டையிலேயே வருஷக்கணக்கா தங்கிடறாங்கன்னும் சொன்னாங்க. தினமும் வேலை பார்த்தா மட்டும் போதாது, மெனக்கெட்டு முட்டி மோதினாத்தான் மேலே போக முடியுமாம்.

இதில் ஒரு ட்விஸ்ட்டும் உண்டு. ரெண்டாம் உலகப் போர் சமயத்தில் ராணுவத்துக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுக்க ஒரு முறையை உருவாக்கின ஃப்ரெட் கெல்லர்ங்கிற உளவியல் பேராசிரியர், 1958-ல் இந்தப் பீடபூமியே ஒரு மாயத்தோற்றம்னு கட்டுரை எழுதினார். எல்லோரும் கட்டாயம் மாட்டிக்கணும்னு விதி எதுவும் இல்லைங்கிறது அவர் கட்சி. ரெண்டு தரப்பையும் படிச்சுட்டு எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான்: 'எனக்கு இவ்வளவுதான் வரும்'னு தலையெழுத்து மேல பழி போடாதே, பழகற முறையை மாத்து!

மாத்தினேன். என் விரல்களைக் கவனிச்சா, தாத்தா சொன்ன 'எழுத்து' வியாதி அப்படியே இருந்தது. சி-யில் இருந்து எஃப்புக்குப் போகும்போது முதல்ல ஆள்காட்டி விரல், அப்புறம் நடுவிரல், அப்புறம் மோதிர விரல், கடைசியா சுண்டு விரல்னு ஒவ்வொண்ணா வெச்சுக்கிட்டு இருந்தேன். நாலு விரலும் ஒரே நேரத்தில் ஒரே உருவமா இறங்கணும். அதுதான் 'வார்த்தை'!

எனக்கு வொர்க்-அவுட் ஆன விஷயங்களைக் கொட்டிடறேன்... பிடிச்சதைப் பொறுக்கிக்கோங்க.

1. உடைஞ்ச இடத்தை மட்டும் வெட்டி எடுங்க. முழுப் பாட்டு வேண்டாம். தடுக்கிற ஒரே ஒரு மாற்றம் போதும். ஒரு நிமிஷத்துக்கு டைமர் வெச்சு, சி-எஃப், சி-எஃப்னு எத்தனை தடவை மாத்தறீங்கனு எண்ணி, நோட்டில் எழுதுங்க. முதல் நாள் என் ஸ்கோர் 9. ரெண்டு வாரத்தில் 26. நம்பர் ஏறுறதைப் பார்க்கிறதே ஒரு போதை பாஸ்!

2. முதல் கட்டத்தில் போய் மல்லுக்கட்டாதீங்க. கம்பி கிளம்புற 'நட்'டுக்குப் பக்கத்தில் கம்பியை அமுக்கக் கூடுதல் பலம் வேணும். அதனால அதே உருவத்தை அஞ்சாவது கட்டத்தில் பிடிங்க (அங்கே அது ஏ கார்டு). சுத்தமா கேட்டதும் நாலு, மூணு, ரெண்டுனு படி இறங்கி ஒண்ணுக்கு வாங்க.

3. ஆறு கம்பியையும் ஆள்காட்டி விரல்தான் அமுக்கணும்னு நினைச்சு கை வலியில் துடிச்சேன். நிஜத்தில் நடுவில் இருக்கிற மூணு கம்பியை மத்த விரல்கள் பார்த்துக்கும். ஆள்காட்டி விரலுக்கு ஆறாவது, ரெண்டாவது, முதல் கம்பி மட்டும்தான் பொறுப்பு. விரலின் சதைப்பக்கத்தை விட்டுட்டு, கட்டைவிரல் பக்கமா லேசா சாய்ச்சு, எலும்பு இருக்கிற ஓரத்தால அமுக்குங்க.

4. மெட்ரோனோம் போடுங்க. ஃபோனிலேயே ஓசியில் கிடைக்கும். தப்பே வராத அளவுக்கு மெதுவா, நிமிஷத்துக்கு 60 தட்டுல ஆரம்பிங்க. தப்பில்லாம வந்தா 4 கூட்டுங்க. வேகமா தப்பா வாசிச்சா, அந்தத் தப்பும் சேர்ந்துதான் விரலில் பதியும்.

5. வாரம் ஒரு தடவை ரெக்கார்டு பண்ணிக் கேளுங்க. வாசிக்கும்போது நாம எல்லோரும் ராஜாதான். ரெக்கார்டிங்கில்தான் வண்டவாளம் தெரியும்!

6. குற்றவாளி நீங்க இல்லாமலும் இருக்கலாம். என் ஸ்கோர் 30-ல் மறுபடி நின்னப்போ, கிட்டாரை ரிப்பேர் பண்றவர்கிட்ட காட்டினேன். நட்டில் கம்பிகள் ரொம்ப உயரத்தில் இருந்ததாம். பள்ளத்தை ராவி, துருப்பிடிச்ச கம்பியை மாத்திக் கொடுத்தார். அடுத்த வாரமே 41! இத்தனை நாளா என் விரலைத் திட்டினது வேஸ்ட்.

7. அரை மணி நேரம் பழகினா, பத்து நிமிஷம் ஜாலியா வாசிங்க. பிடிச்ச பாட்டை வாசிக்கத்தானே கிட்டாரையே தூக்கினோம்!

இப்போ எங்கே நிக்கிறேன்? பந்தா வேண்டாம், உண்மையைச் சொல்றேன். எஃப் வந்தாச்சு. பத்துக்கு ஒன்பது தடவை சுத்தமா கேட்குது. பி மைனர் இப்போதான் படிய ஆரம்பிச்சிருக்கு. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டு... இளையராஜா இசையில் ஆர்.சந்திரசேகர் வாசிச்ச அந்த கிட்டாரைக் கேட்டு கிட்டார் வாங்கின கூட்டம் இன்னிக்கும் இருக்கு. நானும் அதில் ஒருத்தன். அதன் ஆரம்பத்தை இப்போ பாதி வேகத்தில் ஊர்ந்துக்கிட்டிருக்கேன். வலது கை விரல்களுக்கு அது ஒரு புதுப் பீடபூமி. லைட் மியூசிக் டீமில் இன்னும் நான் இல்லை. அந்த ஃபர்ஸ்ட் இயர் தம்பிகிட்டதான் பிக்கிங் கத்துக்கறேன். ஈகோவைக் கட்டிலுக்கு அடியில் போட்டாச்சு!

போன தடவை ஊருக்குப் போனப்போ தாத்தாவுக்கு அதை வாசிச்சுக் காட்டினேன். காது மந்தம்கிறதால சேரை இழுத்துப் போட்டு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஒரு இடத்தில் தடுக்கி நிறுத்திட்டேன். கோபத்தில் கிட்டாரைக் கீழே வைக்கப் போனேன். தாத்தா வாயாலேயே மெதுவா சொன்னார்:

"டா... டி... டா."

"அப்படினா என்ன தாத்தா?"

"மோர்ஸ்ல 'கே'. எதிர்முனையில இருக்கவன்கிட்ட, 'நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், நீ அனுப்பு'ன்னு சொல்லுததுக்கு அதைத்தான் அடிப்போம். வாசில!"

வாசிச்சேன். தடுக்கின இடத்தில் இருந்து.