சைக்கிளுக்கு வயது சொல்லும் அண்ணன்களுக்கு

பழைய சைக்கிளைப் புதுப்பித்துப் படம் போடுவது இப்போது ஒரு மோகம். எங்கள் சங்ககிரியிலும் நடக்கிறது. கறுப்பு பெயின்ட் அடித்து, தங்கக் கோடு போட்டு, படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு வரி: "சாதி பார்க்காமல் எல்லோரும் சைக்கிளில் போன பொற்காலம்."

அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

எங்கள் வீட்டிலும் ஒரு ஹெர்குலஸ் இருக்கிறது. தாத்தாவுடையது. போன மாதம் நானே கழற்றினேன். பால்ஸ்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் வைத்து, வீல் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றினேன். வயது கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டேன். முதலில் முன்பக்க பேட்ஜைப் பார்க்க வேண்டும்: சீமை வண்டியா, இந்திய வண்டியா? 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் வண்டி என்றால் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப் உள்ள சீமை வண்டிகளில் ஹப்பின் மேலேயே ஆண்டு பொறித்திருக்கும். ஹப்பை இடையில் மாற்றியிருந்தால் அது ஹப்பின் வயது மட்டுமே. பிரேம் எண், பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்களுடையது அம்பத்தூர் வண்டி. தாத்தா 1968இல் பழசாக வாங்கினார். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து அப்போது 18 ஆண்டுகள். ஆனாலும் ஊர்த்தெரு முனையில் இறங்கி, செருப்பைக் கழற்றிக் கேரியரில் வைத்து, தள்ளிக்கொண்டு போவார். தெரு முடிந்ததும் ஏறுவார். காய்ச்சலில் கிடந்த அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் போன இரவிலும் இறங்கித்தான் தள்ளினார்.

இரும்பில் இதற்கு அடையாளமே இல்லை. எத்தனை முறை தேய்த்தாலும் தெரியாது. அதனால்தான் பொற்காலம் என்று எழுத முடிகிறது.

"அதெல்லாம் பழைய கதை" என்பீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் ஒரு திருத்தம் வந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் பட்டியல் சாதியினர் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பு அணிவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. முடிந்துபோன கதைக்கு 2016இல் சட்டம் எதற்கு? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்றது குடும்பம். வண்டி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சைக்கிள் மேல் எனக்குக் கோபமில்லை. 1990களில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்று வெளியே வந்தார்கள். ஆனால் சைக்கிள் தானாகச் சமத்துவத்தைக் கொண்டுவரவில்லை. ஏறி ஓட்டியவர்கள் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊரில் அது 1984. அப்பாவும் மூன்று பேரும் ஊர்த்தெருவில் இறங்காமல் ஓட்டினார்கள். அடி விழுந்தது. மறுவாரமும் ஓட்டினார்கள்.

தம்பி தங்கைகளே, வீட்டில் பழைய சைக்கிள் இருந்தால் பிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்தத் தெருவில் இறங்கினீர்கள்? எந்த வருடம் இறங்காமல் போனீர்கள்? அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். அந்த ஆண்டு எந்த ஹப்பிலும் பொறிக்கப்படவில்லை.